எடையைக் கேட்காதே, நீளத்தைக் கேள்

அன்புள்ள மருமகனுக்கு,

வேட்டைக் கல்வித் தேர்வில் தேறிவிட்டாய், உரிமமும் வந்துவிட்டது என்று உன் அம்மா சொன்னாள். ஆகஸ்டில் கலிபோர்னியாவின் கடற்கரை மலைகளில் ‘ஏ’ மண்டலம் திறந்ததும் கருவால் மானுக்குப் போகிறாய், அதற்கான தோட்டாவையும் நீயே அடைக்கப் போகிறாய் என்று கேட்டதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். நீ அனுப்பிய கேள்வி ஒரே வரி: “என் .308க்கு எத்தனை கிரெயின் செம்புக் குண்டு வாங்கலாம் மாமா?”

ஒரு வரியிலேயே பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் அப்போது உன் கையில் ஓர் எண் இருக்கும், காரணம் இருக்காது. நாளைக்கு வேறு துப்பாக்கி வாங்கினால் மறுபடியும் யாரிடமாவது போய் நிற்க வேண்டும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

எத்தனை கிரெயின், அதாவது எவ்வளவு எடை, என்று கேட்பது ஈயக் குண்டோடு வளர்ந்தவர்களின் பழக்கம். அந்தக் குண்டுகள் எல்லாமே மெல்லிய செம்பு உறைக்குள் ஈயம் அடைத்தவை. அடர்த்தி ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே எடையைச் சொன்னால் நீளமும் தானாகத் தெரிந்துவிடும், எவ்வளவு ஆழம் துளைக்கும் என்பதும் ஓரளவு தெரிந்துவிடும். செம்பில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே முதல் கேள்வி, குண்டு எவ்வளவு நீளம் என்பது. அடுத்தது, மானைத் தொடும்போது எவ்வளவு வேகத்தில் போகும் என்பது. இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் எடை தானாக முடிவாகிவிடும்.

அதற்கு முன்னால், ஏன் செம்பு என்பதைப் பேசிவிடுவோம். கலிபோர்னியாவில் சட்டமே போதுமான காரணம். 2013 அக்டோபரில் கையெழுத்தான ஏ.பி. 711 என்ற சட்டம் படிப்படியாக அமலுக்கு வந்தது. 2019 ஜூலை 1 முதல் அந்த மாநிலத்தில் எந்தக் காட்டு உயிரைத் துப்பாக்கியால் வேட்டையாடினாலும் ஈயம் கூடாது. காண்டோர் கழுகு பறக்கும் பகுதிகளில் பெருவிலங்கு வேட்டைக்கு அதற்கும் முன்பே, 2008 ஜூலையிலிருந்தே தடை இருந்தது. ஆனால் வார்டனுக்குப் பயந்து செம்பு வாங்குகிறவன் அரைமனதோடுதான் வாங்குவான். பழைய ஈயக் குண்டு இருந்த இடத்தில் இதை வைத்துச் சுடுவான், சரியாக வேலை செய்யவில்லை என்றால் செம்பைத் திட்டுவான். நீ அப்படி ஆகக் கூடாது.

ஈயக் குண்டு நொடிக்கு 2,500 அடி வேகத்தில் மானின் விலாவில் நுழைவதாக வைத்துக்கொள். உறை கிழிந்து, உள்ளிருக்கும் ஈயம் விரிகிறது. விரிவதுதான் அதன் வேலை. அதனால்தான் மான் சட்டென்று விழுகிறது. விரியும்போதே அது உதிரவும் செய்கிறது. உதிர்ந்த துணுக்குகள் குண்டு போன பாதையோடு நிற்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவில், கை வைத்தால் உறுத்தாத அளவில், பாதையைவிட்டு வெகுதூரம் தள்ளி இறைச்சிக்குள் போய்விடுகின்றன. 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வேட்டையாடிய மான்களின் உடல்களையும், காட்டிலேயே விட்டுவந்த குடல் குவியல்களையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். ஈயக் குண்டால் விழுந்த மான்களின் 20 குடல் குவியல்களில் 18இல் துணுக்குகள் இருந்தன. சிலவற்றில் இருநூறுக்கும் மேல். செம்புக் குண்டால் விழுந்த நான்கு முழு மான்களில் எண்ணியது எல்லாம் சேர்த்தே ஆறு துணுக்குகள்.

இது காட்டில் விட்டுவந்த கழிவோடு நிற்கிற விஷயம் இல்லை. 2009இல் அதே ஆய்வாளர்களும் வேறு சிலரும் சேர்ந்து 30 மான்களை ஆராய்ந்தார்கள். வயிறு நீக்கிச் சுத்தம் செய்த உடல்களில் மானுக்கு 15 முதல் 409 துணுக்குகள் வரை தெரிந்தன. அந்த மான்களை வழக்கம்போலக் கறிக்கடைகளில் கொடுத்துக் கொத்திப் பொட்டலம் கட்டி வாங்கினார்கள். 234 கொத்துக்கறிப் பொட்டலங்களில் 32 சதவீதத்தில் உலோகத் துணுக்கு இருந்தது. அந்தக் கறியைப் பன்றிகளுக்குப் போட்டுப் பார்த்தபோது அவற்றின் ரத்தத்தில் ஈயம் ஏறியது. வேட்டைக்காரன் காயத்தைச் சுற்றிக் கவனமாக வெட்டி எறிந்தால் போதும் என்று நம்பிக்கொண்டிருந்தோம். அந்த நம்பிக்கை இந்த எக்ஸ்ரே படங்களுக்குப் பிறகு நிற்காது. நீ கொண்டுவரும் மான்கறியை உன் வீட்டுக் குழந்தையும் சாப்பிடும். ஈயத்தில் குழந்தைக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது.

இனி காண்டோர். வட அமெரிக்காவின் மிகப் பெரிய பறவை, சிறகை விரித்தால் ஒன்பதரை அடி. 1982இல் உலகத்திலேயே 22தான் மிச்சம். 1987 ஏப்ரலில் காட்டில் இருந்த கடைசிப் பறவையையும் பிடித்து, மொத்தம் 27ஐ வைத்துச் சான் டியாகோவிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் இனப்பெருக்கம் செய்தார்கள். 1992இல் முதன்முதலாகத் திரும்பக் காட்டில் விட்டார்கள். இன்று ஐந்நூறுக்கு மேல் இருக்கின்றன, பாதிக்கும் மேல் வெளியில் பறக்கின்றன. இவ்வளவு பாடுபட்டு வெளியே விட்ட பறவைகளைக் கொல்லும் காரணங்களில் முதலிடம் ஈயத்துக்குத்தான். பறவைகளின் ரத்தத்தில் இருந்த ஈயத்தின் ஐசோடோப்பு விகிதத்தை ஆராய்ந்து பார்த்தபோது அது வேட்டைத் தோட்டாக்களின் ஈயத்தோடு ஒத்துப்போனது.

அது எப்படிச் சாகிறது என்று உனக்குத் தெரிய வேண்டும். காண்டோர் தானாக எதையும் கொல்வதில்லை, செத்ததை மட்டுமே தின்னும். நீ வயிறு நீக்கிவிட்டுப் போன இடத்துக்கு அது வரும், கூட்டமாக வரும். அதன் இரைப்பையில் இருக்கும் அமிலம் கடுமையானது. எலும்பையே கரைக்கும் அமிலம் ஈயத் துணுக்கையும் கரைத்து ரத்தத்தில் விடுகிறது. ஈயம் நரம்பைத் தாக்கியதும் உணவுக்குழாய் அசைவதை நிறுத்திவிடும். கழுத்துப் பை நிறையத் தீனி இருக்க, அது கீழே இறங்காமல், பறவை பட்டினியால் சாகும். ஒரு காண்டோர் முட்டையிடும் வயதை எட்ட ஆறு முதல் எட்டு வருடம் ஆகிறது. அப்புறமும் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முட்டைதான். ஒரு குடல் குவியலில் நான்கு பறவை உட்கார்ந்து தின்றால் அந்தக் கணக்கை ஈடுகட்ட எவ்வளவு காலம் வேண்டும் என்று நீயே யோசி.

நம் ஊரில் இதற்கு இணையான ஒரு கதை உண்டு. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்து, இந்தியா முழுக்க அவற்றைத் துடைத்துப் போட்டது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். தமிழ்நாட்டில் மிஞ்சியவை பெரும்பாலும் முதுமலைக்குப் பக்கத்தில் மோயாற்றுப் பள்ளத்தாக்கில்தான். அந்த மருந்தைப் போட்டவர்களுக்குக் கழுகின்மேல் கோபம் எதுவும் இருக்கவில்லை; மாட்டுக்கு வைத்தியம் பார்த்தார்கள், அவ்வளவுதான். அமெரிக்க வேட்டைக்காரர்களும் அப்படித்தான். அரிசோனாவில் சட்டம் எதுவும் போடாமல், 2005 முதல் கைபாப் பீடபூமியில் வேட்டைக்கு வருபவர்களுக்கு ஈயமில்லாத தோட்டாவை இலவசமாகக் கொடுத்து விஷயத்தை விளக்கினார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சேர்ந்துகொண்டார்கள். காரணம் தெரிந்தால் வேட்டைக்காரன் மாறுவான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்றை மறைக்க மாட்டேன்: செம்புக் குண்டு காண்டோருக்காகப் பிறந்தது இல்லை. யூட்டாவில் பார்ன்ஸ் என்ற குண்டுக் கம்பெனியை 1974இல் வாங்கி நடத்திவந்தவர் ராண்டி புரூக்ஸ். ஈயக் குண்டில் அவருக்கு இருந்த தலைவலி வேறு. கனமான விலங்கின் எலும்பில் பட்டதும் உறை ஒரு பக்கம், ஈயம் ஒரு பக்கம் எனப் பிரிந்துபோகும்; பாதி எடை வழியிலேயே உதிர்ந்துவிடும், ஆழமாகப் போகாது. 1985இல் அலாஸ்காவில் கரடி வேட்டையில் இருந்தபோது, ஈயத்தையே எடுத்துவிட்டால் பிரிவதற்கு என்ன இருக்கிறது என்ற யோசனை அவருக்கு வந்தது. 1989இல் ‘எக்ஸ்’ குண்டு கடைக்கு வந்தது. முழுக்கச் செம்பு, முனையில் ஒரு குழி. பட்டதும் அந்தக் குழி நான்கு இதழாகப் பிளந்து பின்னால் மடங்கும். ஏறக்குறைய முழு எடையும் மிஞ்சும். இன்னும் நன்றாகக் கொல்ல வேண்டும் என்பதற்காக ஒரு வேட்டைக்காரன் செய்த பொருள் இது. “சுற்றுச்சூழல்காரர்களின் குண்டு” என்று யாராவது உன்னிடம் ஏளனமாகச் சொன்னால் இந்தக் கதையைச் சொல்.

அந்த முதல் எக்ஸ் குண்டுக்குக் குறைகள் இருந்தன. செம்பு குழலில் அதிகம் ஒட்டியது, அழுத்தம் ஏறியது, சில துப்பாக்கிகளில் குறி சிதறியது. 2003இல் வந்த டி.எஸ்.எக்ஸில் குண்டின் உடம்பைச் சுற்றிப் பள்ளமான வளையங்களை வெட்டினார்கள். குண்டு ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார். இடுப்பில் வரிவரியாகத் தெரியும் அந்தப் பள்ளங்கள் அலங்காரம் இல்லை. குழலின் வரிகள் செம்பை அழுத்திக் கீறும்போது பிதுங்கும் உலோகம் ஒதுங்க இடம் வேண்டுமே, அதற்காக. குழலைத் தொடும் பரப்பு குறைவதால் உராய்வும் அழுத்தமும் குறைகின்றன. பிறகு முனைக் குழியில் ஒரு பிளாஸ்டிக் மூக்கை வைத்தார்கள். பட்டதும் அது உள்ளே தள்ளப்பட்டு இதழ்கள் விரிவதைத் தொடங்கிவைக்கிறது. இன்று நாஸ்லரின் ஈ-டிப், ஹார்னடியின் சி.எக்ஸ்., பின்லாந்துக்காரர்களான லாபுவாவின் நேச்சுராலிஸ் என்று பலதும் இருக்கின்றன. இதழ்கள் வேண்டுமென்றே உடைந்து தனித்தனியாகப் பறக்கும் வகையும் உண்டு. உன் முதல் மானுக்குப் பிளாஸ்டிக் மூக்கு உள்ள, இதழ் உடையாத வகையை வாங்கு. விரியாத கெட்டிக் குண்டு பக்கம் போகாதே. அது வேறு வேலைக்கு, மானுக்கு அது சட்டப்படியும் கூடாது.

இப்போது நீளம். ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம், செம்பின் அடர்த்தி 8.96. விட்டம் மாறாமல் அதே எடைக்குக் குண்டு செய்தால் செம்புக்கு அதிக இடம் வேண்டும். விட்டத்தைக் கூட்ட முடியாததால் நீளம்தான் கூடும். முனையில் குழி வேறு இருப்பதால் இன்னும் கொஞ்சம். நீண்ட குண்டைக் குழல் இன்னும் வேகமாகச் சுழற்றினால்தான் அது மூக்கு முன்னால் இருக்கப் பறக்கும். பம்பரம் உயரமாக இருந்தால் எவ்வளவு வேகமாகச் சுற்றிவிட வேண்டியிருக்கும் என்பது உனக்குத் தெரியும், இங்கும் அதேதான்.

குழலுக்குள் இருக்கும் சுழல் வரிகள் எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றுகின்றன என்பதைத்தான் முறுக்கு என்கிறோம். .308 துப்பாக்கிகளில் 10 அங்குல முறுக்கும் உண்டு, 12 அங்குல முறுக்கும் உண்டு. உன்னுடையது எது என்று குழலில் எழுதியிருக்கலாம். இல்லாவிட்டால் நீயே அளக்கலாம். துப்பாக்கி காலியாக இருப்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு, பிடி தானாகச் சுழலும் துடைப்புக் கம்பியில் இறுக்கமாக ஒரு துணித்துண்டைச் சுற்றிக் குழலுக்குள் கொஞ்சம் தள்ளு. கம்பியின் மேல்புறம் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வை, அது குழலின் வாயில் எங்கே இருக்கிறது என்றும் குறித்துக்கொள். மெதுவாகத் தள்ளினால் புள்ளி சுற்றத் தொடங்கும். மறுபடி மேலே வரும்போது கம்பி எத்தனை அங்குலம் உள்ளே போயிருக்கிறது என்று அளந்து பார். அதுதான் உன் முறுக்கு.

இதற்குப் பழைய சூத்திரம் ஒன்று இருக்கிறது. 1879இல் கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித ஆசிரியர் பீரங்கிக் குண்டுகளுக்காகக் கண்டது. குண்டின் விட்டத்தை அதனாலேயே பெருக்கி, 150ஆல் பெருக்கி, நீளத்தால் வகுத்தால் வேண்டிய முறுக்கு அங்குலத்தில் வரும். உன் குண்டின் விட்டம் 0.308 அங்குலம். நீளம் 1.2 அங்குலம் என்றால் விடை சுமார் 11.9, 12 அங்குல முறுக்கு ஏறக்குறையப் போதும். நீளம் 1.4 என்றால் விடை 10.2. அந்தக் குண்டை 12 அங்குலக் குழலில் போட்டால் நிலைகொள்ளாமல் தள்ளாடும், தாளில் ஓட்டை வட்டமாக இல்லாமல் சாவித் துவாரமாக விழும். இந்தச் சூத்திரத்தின் 150 ஈயக் குண்டின் அடர்த்திக்கு ஏற்பட்டது. செம்புக்கு விடையில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ள வேண்டும். வேகம் அதிகமானால் கொஞ்சம் சலுகையும் உண்டு. இதை மனக்கணக்குக்கு மட்டும் வைத்துக்கொள். வாங்கும்போது, அந்தக் குண்டுக்குக் குறைந்தபட்சம் என்ன முறுக்கு வேண்டும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருப்பதைப் பார். அது உன் முறுக்குக்கு ஒட்டினாற்போல் இருந்தால் ஒரு படி சின்னதை எடு. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. ஆகஸ்ட் வெயிலில் மலைமேல் ஒழுங்காகப் பறந்த குண்டு ஜனவரியில் கடலோரத்தில் தடுமாறக் கூடும்.

அடுத்தது வேகம். ஈயம் மென்மையானது, மெதுவாகப் போனாலும் விரியும். செம்பு பிடிவாதமானது. பெரும்பாலான செம்புக் குண்டுகளுக்கு மானைத் தொடும்போது நொடிக்கு 1,800 முதல் 2,000 அடி வேகமாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் இதழ்கள் சரியாக விரியாது; பென்சிலால் குத்தியதுபோல ஒரு சின்ன ஓட்டை போட்டுக்கொண்டு மறுபக்கம் போய்விடும். காயப்பட்ட மான் ஓடும். நீ ராத்திரி முழுக்கத் தேடுவாய், அது எங்கோ கிடந்து வேதனையில் சாகும். செம்பைப் பற்றி நீ கேட்கப்போகும் குறைகளில் பாதி, வேகம் இறந்த தூரத்தில் சுட்டவர்களுடையது.

ஆக, செம்பில் வேகத்தை வாங்கு, எடையை விடு. ஈயத்தில் 165, 168 கிரெயின் சுட்டவன் செம்பில் 150க்கு இறங்க வேண்டும். 150 சுட்டவன் 130க்கு. எடை குறைந்தால் ஆழம் போகாதே என்ற பயம் ஈயத்துக்குத்தான் பொருந்தும். ஈயக் குண்டு பாதி எடையை வழியில் இழந்துவிடும், அதனால் தொடக்கத்திலேயே கூடுதலாக வைத்துக்கொண்டார்கள். செம்பு அநேகமாக எதையும் இழப்பதில்லை. 130 கிரெயின் செம்பு ஒரு கருவால் மானின் இரண்டு தோளையும் உடைத்து வெளியே போகும். எடையைக் குறைத்ததால் நீளமும் குறைகிறது, முறுக்குப் பிரச்சினையும் தீர்கிறது. இரண்டு கேள்வியும் ஒரே பதிலில் வந்து முடிகின்றன, பார்த்தாயா? எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்தது இதுதான்.

உன் தூரத்தை நீயே கணக்குப் போட்டுக்கொள். 150 கிரெயின் குண்டு உன் குழலிலிருந்து நொடிக்கு 2,800 அடியில் கிளம்புகிறது, காற்றை எவ்வளவு நன்றாகக் கிழித்துப் போகும் என்பதைக் காட்டும் அதன் பி.சி. எண் 0.42 என்று வைத்துக்கொள். 200 கஜத்தில் சுமார் 2,390 அடி, 300இல் 2,200, 400 கஜத்தில் ஏறக்குறைய 2,000. அங்கே அதன் எல்லை முடிகிறது. அதே குண்டு 16 அங்குலக் குட்டைக் குழலிலிருந்து 2,550இல் கிளம்பினால் 300 கஜத்துக்குள்ளேயே 2,000க்கு இறங்கிவிடும். ஓக் மரங்கள் நிறைந்த உன் மலைகளில் 200 கஜத்துக்கு மேல் சுடவேண்டிய அவசியமே அநேகமாக வராது. வந்தாலும் கிட்டே போ.

எண்ணை நான் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால்: உன் முறுக்கு 10 என்றால் 150 கிரெயின், 12 என்றால் 130 கிரெயின்.

தோட்டா அடைக்கும் மேசையில் மூன்று விஷயம். முதலாவது உயிர் சம்பந்தப்பட்டது. ஈயக் குண்டுக்கான வெடிமருந்து அளவை அதே எடைச் செம்புக் குண்டுக்கு ஒருபோதும் எடுத்துக்கொள்ளாதே. செம்புக் குண்டு நீளமானதால் பித்தளைக் கூட்டுக்குள் அதிகம் இறங்கி மருந்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கெட்டியானதால் குழலின் வரிகளுக்குள் நுழைய அதிக விசை கேட்கிறது. இரண்டும் அழுத்தத்தை ஏற்றும். நீ வாங்கிய அதே குண்டுக்கு, அதே தயாரிப்பாளர் அச்சிட்ட கையேட்டில் இருக்கும் தொடக்க அளவில் ஆரம்பித்து, சிறுசிறு படியாக மட்டும் ஏறு. பிரைமர் தட்டையாகிறதா, போல்ட்டைத் தூக்கக் கை வலிக்கிறதா, கூட்டின் அடியில் பளபளவென்று ஒரு தடம் விழுகிறதா என்று ஒவ்வொன்றையும் பார். ஏதாவது ஒன்று தெரிந்தாலும் நிறுத்திவிடு. மேசையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்து டப்பா மட்டும் இருக்கட்டும். யாரோ நண்பர் சொன்ன அளவு, கேள்விப்பட்ட அளவு எதுவும் வேண்டாம். இதில் நான் சொன்னாலும் கேட்காதே.

இரண்டாவது, குண்டை எவ்வளவு வெளியே நீட்டி வைப்பது. ஈயக் குண்டைக் குழலின் வரிகளுக்கு மயிரிழை தூரத்தில் வைத்தால் குறி சுருங்கும் என்று பழகியவர்கள் சொல்வார்கள். செம்புக்கு இடைவெளி பிடிக்கும். பார்ன்ஸ்காரர்கள் 0.05 அங்குல இடைவெளியில் தொடங்கச் சொல்கிறார்கள். அதைவிடத் தள்ளி வைத்தும் அழகாகச் சுடும் துப்பாக்கிகள் உண்டு. மேகசினுக்குள் தோட்டா தடையின்றி ஏறுகிறதா என்பதையும் பார்த்துக்கொள். குறி சிதறினால் மருந்தை மாற்றுவதற்கு முன்னால் இந்த இடைவெளியை மாற்றிப் பார். பெரும்பாலும் விடை இங்கேதான் கிடைக்கும்.

மூன்றாவது, குழலைக் கழுவுவது. இதைச் செய்யாமலே “செம்பு என் துப்பாக்கிக்கு ஒத்துவரவில்லை” என்று பெட்டியைத் திருப்பிக் கொடுப்பவர்கள் அதிகம். முன்பு சுட்ட ஈயக் குண்டுகளின் உறை குழலில் ஒட்டியிருக்கும். அதன் மேல் தூய செம்பு ஏறினால் படலம் சீக்கிரம் தடிக்கும், குறி கெடும். அம்மோனியா கலந்த செம்பு நீக்கியில் நனைத்த துணியைக் குழலில் விட்டு, டப்பாவில் சொன்ன நேரம் மட்டும் பொறுத்து, உலர்ந்த துணியால் துடை. முதல் துணி மருந்துக் கரியால் கருப்பாக வரும். அதற்கடுத்து வருவது மயில்கழுத்து நீலத்தில் இருக்கும். கரைந்த செம்பின் நிறம் அது. நீலம் வெளிறி வெளிறி, கடைசியில் போட்ட துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை விடாதே. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள், அந்த நெடி பொல்லாதது. முடிந்ததும் லேசாக எண்ணெய் விடு, சுடுவதற்கு முன் அதைத் துடைத்துவிடு.

விலை அதிகம் என்று உனக்குத் தோன்றும், உண்மைதான். ஆனால் ஒரு பருவத்தில் மானை நோக்கிச் சுடுவது ஒன்றோ இரண்டோ தோட்டா. காகிதத்தில் பழக, சுடுமைதானம் அனுமதித்தால், ஈயக் குண்டே சுடலாம். கலிபோர்னியச் சட்டம் வேட்டைக்குத்தான். ஆனால் கடைசியாகக் குறி சரிபார்ப்பது வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே செம்புத் தோட்டாவில் இருக்கட்டும். இரண்டும் ஒரே இடத்தில் விழும் என்று எடுத்துக்கொள்ளாதே. மானின் உடம்பில் எங்கே குறிவைப்பது என்பதிலும் ஒரு சின்ன மாற்றம். ஈயத்தில் தோளுக்குச் சற்றுப் பின்னால் நுரையீரலில் விடச் சொல்வார்கள், எலும்பில் பட்டால் இறைச்சி கெடும் என்பதால். செம்பு எலும்பைச் சந்தித்தால் இன்னும் நன்றாக விரிகிறது, சுற்றிலும் கெடுக்கும் இறைச்சியும் குறைவு. கொஞ்சம் முன்னால், தோளின் மடிப்பில் வை.

கிளம்பும்போது குண்டு வாங்கிய பெட்டியின் மேல்தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள். கடைத் தோட்டா என்றால் பெட்டியிலேயே எழுதியிருக்கும். நீ அடைத்த தோட்டாவைப் பார்த்து வார்டனால் உள்ளே என்ன என்று சொல்ல முடியாது. எடையில் ஒரு சதவீதத்துக்கு மேல் ஈயம் இல்லாத குண்டுகளைத்தான் மாநில மீன், வனவிலங்குத் துறை ஏற்கிறது. ஏற்றவற்றின் பட்டியலையும் வெளியிட்டிருக்கிறது. வாங்கும் முன் உன் குண்டு அதில் இருக்கிறதா என்று பார். முறுக்கை அளந்ததும் எனக்கு எழுது, மீதியைப் போனில் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
மாமா